பிசினஸ் கிளாசுக்கு காசு... எகானமியில் சீட்டு! 'வித்தியாச பணம்' போதும்னு வந்துடாதீங்க

சென்னை: ஏசி பஸ்சுக்கு டிக்கெட் எடுத்தவரிடம், "சாதா பஸ்சில் ஏறிக்கோ" என்று கண்டக்டர் சொன்னால் சும்மா இருப்போமா? பஸ் ஸ்டாண்டே ரெண்டாகிவிடும். ஆனால் விமான நிலையத்தில் இதே கூத்து நடந்தால் பலரும் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரியாததுதான் காரணம்.

பிசினஸ் கிளாஸ் என்றாலே கோடீஸ்வரர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். முட்டி ஆபரேஷன் செய்த அம்மா காலை நீட்டி வர வேண்டும் என்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் சேர்த்து வைத்த காசில் எடுத்துக் கொடுக்கும் டிக்கெட்டாகவும் அது இருக்கலாம். அந்த அம்மாவைத்தான் கடைசி நேரத்தில் நெருக்கடியான சீட்டில் உட்கார வைக்கிறார்கள்.

ஏன் இப்படி?

மூன்று காரணம் சொல்வார்கள். பெரிய விமானத்துக்கு பதில் சின்ன விமானம் வந்திருக்கும். அல்லது சீட் ரிப்பேர் ஆகியிருக்கும். அல்லது இருக்கும் சீட்டை விட அதிகமாக டிக்கெட் விற்றிருப்பார்கள்.

"சார், பிளைட் மாத்திட்டாங்க. பிசினஸ் கிளாஸ் சீட் இல்ல. எகானமில போயிடுங்க. வித்தியாச பணம் பின்னாடி வரும்." கவுண்டரில் வரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இந்த 'வித்தியாச பணம்' என்ற வார்த்தையில்தான் சூட்சுமமே இருக்கிறது.

2023-ல் வந்த விதி

இப்படி புகார்கள் வந்ததால், சிவில் விமான போக்குவரத்து இயக்குனரகம் (டி.ஜி.சி.ஏ.) தன் விதியில் திருத்தம் கொண்டு வந்தது. 2022 டிசம்பரில் முதலில் சொன்ன யோசனை ரொம்ப கறாரானது. வரியோடு முழு டிக்கெட் பணத்தையும் திருப்பிக் கொடுத்து, கீழ் வகுப்பில் இலவசமாக கூட்டிப் போக வேண்டும் என்றது. இறுதியில் அது கொஞ்சம் குறைக்கப்பட்டு, 2023 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்தது.

அதன்படி, பயணியின் விருப்பம் இல்லாமல் கீழ் வகுப்புக்கு மாற்றினால், உள்நாட்டு விமானம் என்றால் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும்.

வெளிநாட்டு பயணத்துக்கு தூரத்தை வைத்து கணக்கு. 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம். 1,500 முதல் 3,500 கிலோமீட்டர் வரை 50 சதவீதம். 3,500 கிலோமீட்டருக்கு மேல் 75 சதவீதம்.

சென்னையில் இருந்து கொழும்பு போகிறவருக்கு 30 சதவீத கணக்கு. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் 50 சதவீதத்தில் வரும். லண்டன் என்றால் 75 சதவீதம்.

பிசினஸ் கிளாசுக்கு மட்டுமல்ல, முதல் வகுப்பு, பிரீமியம் எகானமி டிக்கெட்டுக்கும் இதே கதைதான்.

எவ்வளவு நஷ்டம் பாருங்க

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னை - டெல்லி பிசினஸ் கிளாஸ் டிக்கெட் ஒன்றை வரியோடு ரூ.40 ஆயிரம் கொடுத்து, ரெண்டு மாதம் முன்பே வாங்கியதாக வைத்துக்கொள்வோம்.

விதிப்படி திரும்ப வர வேண்டியது 75 சதவீதம். அதாவது ரூ.30 ஆயிரம்.

வித்தியாச கணக்கு என்றால் கதை வேறு. புறப்படும் நாளில் எகானமி டிக்கெட் விலை ஏறிப்போய் ரூ.18 ஆயிரத்தில் நிற்கும். அதைக் கழித்தால் ரூ.22 ஆயிரம்தான் மிச்சம். பொங்கல், தீபாவளி நெருக்கடியில் எகானமியே ரூ.36 ஆயிரம் ஆகிவிட்டால்? வித்தியாசம் வெறும் ரூ.4 ஆயிரம்! முன்கூட்டியே மலிவாக வாங்கியவருக்கு ஒன்றுமே இல்லை என்று கூட கைவிரிக்கலாம்.

ஒரே பயணம், ஒரே சீட், ஆனால் ரூ.30 ஆயிரம் எங்கே, ரூ.4 ஆயிரம் எங்கே! சதவீதம் என்று விதியில் போட்டதன் லாபமே இதுதான். அன்றைக்கு எகானமி என்ன விலை விற்றது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெளிநாட்டில் எப்படி?

ஐரோப்பிய நாடுகளில் 2004-ம் ஆண்டு சட்டத்திலேயே (எண் 261) இந்த 30, 50, 75 சதவீத கணக்கு இருக்கிறது. 7 நாளில் பணம் தர வேண்டும் என்றும் அதில் உள்ளது. ஐரோப்பாவில் இருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் இது பொருந்தும். சென்னையில் இருந்து ஐரோப்பா போகும்போது, அது ஐரோப்பிய கம்பெனி விமானமாக இருந்தாலும் பொருந்தும். இங்கிலாந்து தனியாகப் பிரிந்த பிறகும் இதே விதியை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். ரெண்டு விமானம் மாறிப் போகும் டிக்கெட்டில், எந்தப் பகுதியில் கீழ் வகுப்புக்கு மாற்றினார்களோ அந்தப் பகுதியின் விலைக்கு மட்டும்தான் சதவீதம், அதுவும் வரி நீங்கலாக என்று 2016-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. நம் ஊர் விதியில் வரியும் சேரும்.

அமெரிக்காவில் 2024-ல் வந்த விதிப்படி, கீழ் வகுப்பு வேண்டாம் என்று பயணத்தையே விட்டுவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். சரி என்று ஏறிப் போனால் கட்டண வித்தியாசம் மட்டும்தான்.

எதற்கு கிடைக்காது?

நீங்களாகவே "பரவாயில்ல, எகானமில போறேன்" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து போட்டால் இந்த சதவீதத்தைக் கேட்க முடியாது. விதி, விருப்பம் இல்லாமல் மாற்றப்பட்டவருக்குத்தான். எனவே நீட்டுகிற பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்து போடவே கூடாது.

அதேபோல, எகானமியிலேயே கால் நீட்ட இடம் உள்ள சீட்டுக்கு தனியாக காசு கட்டி, அந்த சீட் கிடைக்காமல் போனால் அது வகுப்பு மாற்றம் ஆகாது. சீட்டுக்கு கட்டிய பணத்தைத்தான் திருப்பிக் கேட்க முடியும்.

கவுண்டரில் என்ன செய்யணும்?

* அடுத்த விமானத்தில் அதே கிளாஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

* அவசரம், போயே ஆக வேண்டும் என்றால் போங்கள். ஆனால் 'என் விருப்பம் இல்லாமல் மாற்றப்பட்டேன்' என்று கம்பெனிக்கு அங்கேயே ஒரு இ-மெயில் தட்டிவிடுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

* பழைய டிக்கெட், புது போர்டிங் பாஸ், பணம் கட்டிய ரசீது மூன்றையும் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் போர்டிங் பாசைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதுதான் முக்கிய சாட்சி.

* "பணம் இல்ல, அடுத்த பயணத்துக்கு கூப்பன் தர்றோம்" என்றால் யோசியுங்கள். கூப்பன் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான்.

* நாலு பேர் குடும்பமாகப் போய், ரெண்டு பேரை மட்டும் மாற்றினால் அந்த ரெண்டு டிக்கெட்டுக்கும் தனித்தனியாக கணக்கு கேளுங்கள்.

* ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் என்றாலும் பணம் திரும்ப வர வைப்பது விமான கம்பெனியின் பொறுப்பு. "ஏஜென்ட்டைப் போய் பாருங்க" என்று தட்டிக்கழிக்க முடியாது.

தரலைன்னா எங்கே போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு புகார் அனுப்ப வேண்டும். சரியான பதில் இல்லை என்றால் மத்திய அரசின் 'ஏர் சேவா' தளத்தில் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போடலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் கோர்ட்டு இருக்கவே இருக்கிறது. டெல்லி, மும்பைக்கு அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கோர்ட்டு கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'இ-ஜாக்ரிதி' தளம் மூலம் வீட்டில் இருந்தபடியே மனு போடலாம். டிக்கெட் பணம் மட்டுமல்ல, மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம்.

முட்டி வலியோடு மணிக்கணக்கில் மடங்கி உட்கார்ந்து வந்த அம்மாவுக்கு, அந்த வேதனையை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. மகன் கொடுத்த காசையாவது விட்டுவிடாமல் வாங்கலாம். அடுத்த முறை கவுண்டரில் யாராவது 'வித்தியாசம்' என்று ஆரம்பித்தால், "வித்தியாசம் வேணாம் சார், சதவீதம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.