கேட்பவருக்கும் வாய் உண்டு

2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊர்களில் தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், மக்களுக்குச் சேதி சொல்ல வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் அம்மையார்குப்பம் போன்ற தறி ஊர்களில் பல தலைமுறைகளுக்கு அரசாங்கத்தின் குரல் என்றால் அந்தப் பறைச் சத்தம்தான். வரி கட்டக் கடைசி நாள், ஏரி ஏலம், அம்மை ஊசி, கோயில் திருவிழா எல்லாம் அதன் வழியாகத்தான் தெருவுக்கு வந்தன.

மனிதர்கள் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வது எப்படி நடக்கிறது என்று கடந்த முக்கால் நூற்றாண்டாக உலகப் பல்கலைக்கழகங்களில் கோட்பாடுகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அந்தக் கோட்பாடுகளை ஒரு தறி ஊரின் அன்றைய வாழ்வோடும் இன்றைய வாழ்வோடும் ஒட்டிப் பார்த்தால், எது சரி, எது குறை என்பது பளிச்சென்று தெரிகிறது.

தெருமுனைப் பறை

முதலில் வந்து நிலைத்தது கிளாட் ஷானனின் மாதிரி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் அவர். 1948-இல் அவர் எழுதிய கட்டுரை, மறு ஆண்டே வாரன் வீவரின் விளக்கத்தோடு புத்தகமானது. சேதி புறப்படும் இடம், அதை அனுப்பும் கருவி, அது போகும் வழி, வாங்கும் கருவி, போய்ச் சேரும் இடம், நடுவில் புகும் இரைச்சல்: இவ்வளவுதான் அதில் உண்டு. தொலைபேசிக் கம்பியில் எவ்வளவு தகவலைப் பிழையின்றி அனுப்பலாம் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. சொல்லின் பொருள் தன் கணக்கில் வராது என்று அவரே எழுதிவைத்தார்.

தண்டோராவை இந்தப் படத்துக்குள் அப்படியே பொருத்திவிடலாம். சேதியின் பிறப்பிடம் தாசில்தார் அலுவலகம். அனுப்பும் கருவி பறையும் பறை அடிப்பவரின் தொண்டையும். ஒரே வாசகத்தை ஒவ்வொரு தெருமுனையிலும் திரும்பத் திரும்பச் சொன்னதற்கும் ஷானனிடம் விளக்கம் இருக்கிறது: இரைச்சல் மிகுந்த வழியில் சேதி சேதமாகாமல் போக, கூறியதைக் கூறியே ஆக வேண்டும்.

பொருந்தாத இடம் ஒன்றுதான். பறை அடித்தவரிடம் தெருவில் யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அவருக்கே ஒரு குறை இருந்தாலும், அதை வந்த வழியே திருப்பி அனுப்ப வழியில்லை. பெரும்பாலான ஊர்களில் அந்த வேலை ஒரே சாதியாரின் தலையில் கட்டப்பட்டிருந்தது. ஊருக்கெல்லாம் சேதி சொன்னவருக்கு ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து பேச இடம் கிடைக்கவில்லை. ஒரு வழியாக மட்டும் ஓடும் சேதிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மேல் கீழ் இருக்கும். கம்பிக்காக வரைந்த படத்தை மனிதப் பேச்சுக்கும் போதுமானது என்று எடுத்துக்கொண்டவர்கள் கவனிக்கத் தவறியது இதைத்தான். தண்டோரா நின்றுபோனதில் எனக்கு வருத்தமில்லை. அது நிற்க 2022 வரை ஆனதே என்பதுதான் வருத்தம்.

தறிக்குழியில் நடந்த பேச்சு

அதே ஊரில், அதே காலத்தில், வேறொரு விதமான பேச்சும் இருந்தது. கைத்தறி நெசவு தனி ஆள் வேலையல்ல. ஒருவர் குழியில் கால் வைத்து மிதிக்க, இன்னொருவர் ராட்டையில் தார் சுற்ற வேண்டும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது அக்கம்பக்கத்தார் கை கொடுக்காமல் முடியாது. அறுந்த இழையைக் கண்டதும் ஒருவர் சொல்வார், மற்றவர் முடிவார். கூலி ஏற்றம், நூல் விலை, பெண் பார்க்கும் சேதி, பக்கத்து ஊர்ச் சண்டை எல்லாம் அந்தப் பாவின் இரு பக்கமும் நின்றபடியே அலசப்பட்டன. சொன்னவர் யார், எதற்காகச் சொல்கிறார், போன மாதம் சொன்னது பலித்ததா என்று கேட்டவருக்குத் தெரியும். சந்தேகம் என்றால் அங்கேயே கேட்டுவிடலாம்.

அமெரிக்கரான வில்பர் ஷ்ராம் 1954-இல் முன்வைத்த மாதிரி இந்தப் பேச்சுக்கு நெருங்கி வருகிறது. அவர் படத்தில் சேதி வட்டமாகச் சுற்றுகிறது. இருவரும் சொல்கிறார்கள், இருவரும் கேட்கிறார்கள். இருவருக்கும் பொதுவான அனுபவம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் புரிதலும் என்றார் அவர்.

இந்த எல்லை வட்டாரத்தில் அந்தப் பொதுவான அனுபவத்துக்கு இரண்டு மொழி. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதி, ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோப்புகளுக்கு ஒரே நாளில் மாநிலம் மாறியது. தெருவில் தமிழும் தெலுங்கும் பழையபடியே கலந்து புழங்கின. நூல் வியாபாரியிடம் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று, சந்தையில் இரண்டும். கர்நாடக மகாராஷ்டிர எல்லையில் உள்ள குப்வாட் என்ற ஊரை ஆராய்ந்த ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி நெடுங்காலம் கலந்து பேசும் ஊரில் மொழிகளின் வாக்கிய அமைப்பே ஒன்றையொன்று நெருங்கிவிடுவதைக் காட்டியது. சேர்ந்து வேலை செய்பவர்கள் புரிதலுக்கான வழியைத் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள்.

டீக்கடையும் ரேடியோவும்

பிறகு பத்திரிகையும் வானொலியும் வந்தன. 1942-இல் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் நடையில் டீக்கடை பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டுக் கருத்துச் சொன்னார்கள். திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் அதுவே நடந்தது. பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் 1940 அமெரிக்கத் தேர்தலை ஓஹியோ மாநிலத்தின் ஒரு வட்டாரத்தில் ஆராய்ந்து, 1944-இல் சொன்ன முடிவும் இதுதான்: ஊடகம் நேரே மனத்தை மாற்றுவது குறைவு, அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள ஒருவர் வாங்கிச் சொல்லும்போதுதான் சேதி உள்ளே இறங்குகிறது.

இந்தியாவில் இதைச் செய்தே பார்த்தார்கள். 1956-இல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து புனே வட்டாரத்தில் 150 ஊர்களில் வானொலி மன்றங்கள் அமைத்தன. விவசாயிகள் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சி கேட்டு, விவாதித்து, தங்கள் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பினார்கள். மன்றம் இல்லாத ஊர்களைவிட இவர்கள் மிக அதிகம் கற்றார்கள் என்று ஆய்வை நடத்திய பால் நியூராத் கண்டார். கேட்டவர்கள் பேசவும் செய்ததுதான் இரண்டு வகை ஊர்களுக்கும் வித்தியாசம். தஞ்சை வட்டாரத்தில் 1960களின் பிற்பாதியில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி வழியாக அறிந்து பயிரிட்ட விவசாயிகள், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள்.

இரைச்சல் வந்த விதம்

தறி ஊர்களில் அடுத்து வந்த பெரிய மாற்றம் விசைத்தறி. உற்பத்தி கூடியது, உடல் உழைப்பு குறைந்தது. ஆனால் ஷானன் படத்தில் ஓர் ஓரமாக எழுதியிருந்த இரைச்சல், இங்கே உண்மையாகவே வீட்டுக்குள் வந்தது. விசைத்தறிக் கூடத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். பக்கத்தில் நிற்பவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் கையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் காதருகே போய்க் கத்த வேண்டும். பல ஆண்டுகள் அதில் வேலை செய்பவர்களுக்குக் காது மந்தமாவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். பாவின் இரு பக்கமும் நின்று பேசிய வாழ்க்கை, ஷிப்டு முடிந்து அலுப்போடு வீடு திரும்பும் வாழ்க்கையானது. வீட்டில் தொலைக்காட்சி காத்திருந்தது. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு, பஞ்சாயத்துத் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் ஊர் கூடி உட்கார வேண்டிய தேவையும் போயிற்று.

கையில் ஒரு கருவி

இன்று கூலிக்குத் தறி ஓட்டுபவர் கையிலும் செல்பேசி இருக்கிறது. இதன் நன்மையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். புடவையைப் படம் எடுத்து வெளியூர் வியாபாரிக்கு நேரே அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, வெளியூரில் படிக்கும் மகளுக்குத் தன் குரலையே பதிந்து அனுப்பலாம், தமிழிலோ தெலுங்கிலோ இரண்டும் கலந்தோ. தலைமுறை தலைமுறையாகப் பிறர் சேதியை மட்டும் சுமந்த குடும்பத்துப் பிள்ளை, தன் தெருவுக்குத் தண்ணீர் வராததைப் படம் எடுத்து ஆட்சியருக்கு அனுப்பலாம். தண்டோராக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத உரிமை இது.

ஆனால் 2018 மே மாதத்தை மறக்கக் கூடாது. வடக்கிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வட தமிழகம் முழுக்கப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அம்மையார்குப்பம் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டிலும் சந்தேகத்தின் பேரில் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த ஜூலையில், ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு வைத்தது.

ஷானனின் கணக்குப்படி அந்த வதந்தி ஒரு வெற்றி. அனுப்பியது எழுத்துப் பிசகாமல், இரைச்சல் இல்லாமல், நொடியில் போய்ச் சேர்ந்தது. யார் சொன்னது, எந்த ஊரில் நடந்தது, என்றைக்கு நடந்தது, நேரில் பார்த்தவர் உண்டா என்று கேட்க எதிரே ஆள் இல்லை. அனுப்பியவர் வேறு யாரோ அனுப்பியதை அனுப்பியவர். எல்லோரும் கருவியானார்கள், சொன்னவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

பழைய நூல்கள் கேட்ட கேள்வி

ஹரால்டு லாஸ்வெல் 1948-இல் ஐந்து கேள்விகள் வகுத்தார்: யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் கற்பித்தலை ஐந்தாகப் பிரிக்கிறது: நூல், அதைச் சொல்பவர், சொல்லும் திறன், கேட்பவர், கேட்கும் முறை. ஐந்தில் இரண்டு கேட்பவருக்கு. எப்படிக் கேட்க வேண்டும், எப்படி வினவித் தெளிய வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் பகுதி லாஸ்வெல்லிடம் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கவிதைக்காகச் சொன்ன உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் எல்லாம் தனித்தனியே உண்டு. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் குறிப்பால் நிரப்பிக்கொள்வதும் அங்கே ஓர் உறுப்பு. அதற்குப் பெயர் எச்சம். கவிதை இலக்கணம்தான் என்றாலும், கேட்பவரைச் சேதி வந்து விழும் இடமாக மட்டும் அது பார்க்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான். அன்று சொல்லும் உரிமை சிலருக்கே இருந்தது, ஆனால் அக்கம்பக்கத்துப் பேச்சில் கேட்பவர் திருப்பிக் கேட்டார். இன்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் வந்துவிட்டது, திருப்பிக் கேட்கும் பழக்கம் தேய்ந்துவிட்டது. முதலாவதை விட்டுக்கொடுக்காமல் இரண்டாவதை மீட்க வேண்டும்.

அதற்கு வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை எதிரே வைத்துக்கொண்டு, தலைவரையும் அதிகாரியையும் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கச் சட்டம் தந்திருக்கும் இடம் அது. பறை அடித்தவர் வீட்டுப் பிள்ளையும் தறி முதலாளியும் அங்கே ஒரே தரையில் உட்காரலாம். செல்பேசியில் வந்த சேதியை அடுத்தவருக்குத் தள்ளுமுன் யார் சொன்னது என்று ஒருமுறை கேளுங்கள். அடுத்த கிராமசபைக்குப் போங்கள், போய்ச் சும்மா இருந்துவிடாமல் எழுந்து ஒரு கேள்வியாவது கேளுங்கள்.