கரும்பு விளைந்த தீவிலே

வீதியோரத்திலிருந்த அச்சிறு கடையினுள் நுழைந்து, "ஒரு பாண் வேண்டும்" என்று ஆங்கிலத்திற் கேட்டோம். கடைக்கார அம்மையார் எம்மை நிமிர்ந்தும் பார்த்தாரில்லை. காது சற்று மந்தமோ என ஐயுற்று, குரலை உயர்த்தி மீண்டும் கேட்டோம். அவர் கையிலிருந்த கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார், எம்மை உற்று நோக்கினார், "குட் மோர்னிங்!" என்று ஒவ்வோர் அசையாக நிறுத்திச் சொன்னார். பக்கத்தில் நின்ற இருவரும் சிரித்தனர். பதிலுக்கு நாமும் காலை வணக்கம் சொன்ன பின்னரே பாண் எம் கைக்கு வந்தது. ஆண்டுக் கணக்காகப் பிறர் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதித்த ஓர் ஆசிரியருக்கு இது நேர்ந்தது.

இடம், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய திரினிடாட்டில் உள்ள கூவா என்னும் ஊர். தனியார் பாடசாலையொன்றிற் கணிதம் கற்பிக்கும் இரண்டாண்டு ஒப்பந்தத்தின்பேரில், கல்லூரியில் விடுமுறை பெற்றுக்கொண்டு, 2014ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் மனைவியுடனும் ஆறு வயது மகளுடனும் அங்கே சென்றிறங்கியிருந்தோம்.

எம்மை ஏமாற்றியது அந்நாட்டின் தோற்றமே. யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக்கு அந்நாட்டு மணிக்கூடு ஒன்பதரை மணி நேரம் பிந்தியது. ஆயினும் இரண்டு ஊர்களும் வடக்கே பத்தாம் பாகையை ஒட்டியே கிடக்கின்றன. ஆதலால் வளவுதோறும் தென்னை, மா, ஈரப்பலா, செவ்வரத்தை. வாகனங்கள் நம் நாட்டிற்போலவே வீதியின் இடப்புறத்தால் ஓடுகின்றன. மனித முகங்களோ இன்னும் நெருக்கமானவை. 1845ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் திகதி 'ஃபட்டல் ரசாக்' என்னும் கப்பல் இந்தியக் கூலியாட்களின் முதற் கூட்டத்தை அத்தீவிற் கொண்டுவந்து இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கான அவ்வொப்பந்த முறை 1917இல் முடிவுறுவதற்குள் ஏறக்குறைய 144,000 பேர் அவ்வாறு சென்றனர். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டில் நூற்றுக்கு 35 பேர் இந்திய வழியினர். 34 பேர் ஆபிரிக்க வழியினர். இத்தகைய நாட்டிலே நாம் புதிதாகக் கற்க என்ன இருக்கப்போகின்றது என்றே எண்ணியிருந்தோம்.

பாண் வாங்கிய அன்றே அவ்வெண்ணம் நொறுங்கிற்று. அங்கே கடைக்குள் நுழைபவர், மருத்துவர் வீட்டு விறாந்தையில் ஏறுபவர், அலுவலகத்தில் வரிசையிற் சேர்பவர் எவராயினும், முன்னே இருப்போர் அனைவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லியே ஆகவேண்டும். குறித்த வழியில் ஓடும் வாடகைக் கார்களில் நால்வர் ஐவராகச் சேர்ந்து பயணஞ் செய்வது அங்குள்ள வழக்கம். கதவைத் திறந்து ஏறுபவர் வணக்கம் சொல்லுவார். ஏற்கெனவே இருப்பவர்கள் ஒருமித்துப் பதில் சொல்லுவார்கள். அதன்பின் வழிநெடுக ஒருவரும் வாய் திறவாமலும் இருக்கலாம். வணக்கமின்றி ஏறுபவன் மனிதரைக் கண்டும் காணாதவன். அதினும் பெரிய அவமதிப்பு அவர்களுக்கு இல்லை. இரவானால் "குட் நைட்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருவார்கள். விடைபெறும்போது சொல்வதென்று நாம் பள்ளியிற் படித்த சொல்லை வரும்போதே சொல்லுகிறார்களே, வந்தவுடன் போகப்போகிறார்களோ என்று முதலிற் சில நாள் திகைத்து நின்றோம்.

நாம் மரியாதையற்றவர்களா? அன்று. நம்மூர்க் கடையில், "அண்ணை, ஒரு பாண் தாருங்கோ" என்று கேட்கும்போது அந்த 'அண்ணை' என்பதே வணக்கமும் உறவுமாகி விடுகின்றது. ஆங்கிலத்திற் பேசத் தொடங்கியதும் அண்ணை உதிர்ந்துபோயிற்று. பாண் மட்டுமே எஞ்சிற்று. மற்றொன்று, ஒழுங்கையிற் கண்டவரை "எங்கை போறியள்?" என்று விசாரிப்பது. அவர் எங்கே போனால் நமக்கென்ன? ஆயினும் கேளாது போனால், "முகங்குடாமல் போறான்" என்பர். அவ்வழக்கப்படி ஒரு சனிக்கிழமை, சக ஆசிரியர் ஒருவரைச் சந்தியிற் கண்டு எங்கே பயணம் என்று கேட்டுவிட்டோம். அவர் முகம் இறுகியது. திங்கட்கிழமை தாமே எம்மைத் தனியே அழைத்து, அயலாரின் அலுவலைத் துருவுபவனை அவ்வூரார் 'மாக்கோ' என்பர் என்றும், அப்பெயரை எடுத்துவிட வேண்டாம் என்றும் நயமாகச் சொன்னார். நல்ல மனிதர். அதன்பின் அவரோடு நெருங்கிப் பழகினோம். எங்கே போகின்றார் என்று மட்டும் கேட்டதில்லை.

இவ்வளவு நுட்பம் பார்ப்பவர்கள் சந்தைக்கு வந்துவிட்டால் வேறு மனிதராகிவிடுவர். காய்கறிக்காரர் ஒருவர் எம் மனைவியாரை "டார்லிங்" என்று விளித்த அன்று, அம்மையார் தக்காளி வாங்காமலே வீடு திரும்பினார். அது வாங்க வருவோர் யாவருக்கும் பொதுவாக வழங்கும் சொல்லென்று தெளிய ஒரு மாதம் சென்றது. அங்கே நம் பயற்றங்காய்க்குப் பெயர் 'போடி', பாகற்காய் 'கரைலி', அம்பரெல்லா 'பொம்சித்தே'. கத்தரிக்காயை ஆபிரிக்க வழியினரும் 'பைகன்' என்றே சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். காலையில் வீதியோரத்தில் நின்றபடியே உண்ணும் 'டபிள்ஸ்' என்பதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். மெல்லிய இரண்டு பொரித்த ரொட்டிகள். அவற்றின் மேலே கடலைக் கறி. உறைப்பு வேண்டியவருக்கு மிளகாய்ச் சம்பல். கொஞ்சமாகப் போடச் சொல்ல 'சிலைட்' என்றால் போதும். யாழ்ப்பாணத்து நாவென்ற இறுமாப்பில் நாம் அச்சொல்லைச் சொல்லாது விட்டோம். கண்ணீரோடு பாடசாலைக்குப் போனோம்.

எமது அயல்வீட்டு மூதாட்டியாரைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். எழுபதைத் தாண்டியவர்; தலையில் எப்போதும் 'ஓர்னி' என்னும் வெள்ளை முக்காடு; முற்றத்தில் மூங்கிற் கழிகளிற் பூசைக் கொடிகள் பறக்கும் வீடு. எம் மகள் முதல் நாளே வேலிக்கருகில் நின்று, ஊர்ப் பழக்கத்தில், "ஆச்சி!" என்று கூப்பிட்டாள். மூதாட்டியார் ஓடி வந்தார், கண் கலங்கியிருந்தது. அத்தீவின் இந்துக் குடும்பங்களில் தந்தையைப் பெற்றவளுக்குப் பெயர் 'ஆஜி'. அவருடைய பேரப்பிள்ளைகள் கனடாவில் இருந்தார்கள். அப்பெயரால் அவரை அழைக்க அருகில் ஒருவருமில்லை. எம் மகள் சொன்னது ஆச்சி. அவர் கேட்டது ஆஜி. அத்தவறை நாம் கடைசி வரையில் திருத்தவில்லை.

மறுநாள் அவர் ஒரு கொத்து இலை கொண்டு வந்தார். "கரப்புலே, கறிக்குப் போடு" என்றார். எம் மனைவியார் முகர்ந்து பார்த்துவிட்டு எம்மைப் பார்த்தார். கறிவேப்பிலை! அவருடைய பாட்டனாரின் தந்தை சென்னையிலிருந்து கப்பலேறியவராம். தம்மை 'மதராசி' என்றே சொல்லிக்கொண்டார். மாரியம்மன் பேரைத் தெரியும். கோயிலிற் சொல்லும் சில சொற்களைத் தெரியும், பொருள் தெரியாது. நாலு தலைமுறை கடந்து அவ்வீட்டுச் சமையலறையிற் பிழைத்திருந்த தமிழ், அந்த ஒரு சொல்.

அது வியப்பன்று. அத்தீவுக்குக் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து சென்றோரே மிகப் பெரும்பான்மையோர். சென்னையிலிருந்து சென்றோர் சிறு தொகையினர். தோட்டத்துக்குச் சிலராகச் சிதறிய அவர்கள், சூழவிருந்தோரின் போஜ்புரியைப் பேசினர். பின்பு பாடசாலையும் உத்தியோகமும் ஆங்கிலத்தைக் கொண்டுவர, அந்தப் போஜ்புரியும் பாட்டிலும் பூசையிலும் ஒதுங்கிக்கொண்டது. அதே நூற்றாண்டில் நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தோரும் அத்தகைய ஏழைகளே. ஆனால் அவர்கள் இலட்சக்கணக்கினர். லயங்களில் ஒன்றாக வாழ்ந்தனர். தாயகமும் ஒரு சிறு கடலுக்கு அப்பாலே இருந்தது. துயரம் குறைவில்லை, மொழி மட்டும் நின்றது. இவற்றையெல்லாம் மூதாட்டியாரின் வீட்டுத் திண்ணையிலிருந்து, சரித்திர ஆசிரியரைப்போல, ஆறுதலாக ஆராய்ந்துகொண்டிருந்தோம். எம் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்ததைக் கவனித்தோமில்லை.

இரண்டாம் ஆண்டு தொடங்கி ஒரு மாதம் இருக்கும். அடுப்படியிலிருந்து மனைவியார், "பிள்ளை, வளவுக்கை போய் ரெண்டு நெட்டுக் கறிவேப்பிலை புடுங்கிக்கொண்டு வா" என்றார். மகள் அசையாமல் நின்றாள். "என்னத்தை அம்மா?" என்றாள், ஆங்கிலத்தில். மீண்டும் சொல்லியும் விளங்கவில்லை. யன்னலால் மரத்தைக் காட்டியதும் முகம் மலர்ந்து, "ஓ, கரப்புலே!" என்று கூவிக்கொண்டு ஓடினாள்.

அன்றிரவு நாமும் மனைவியாரும் நெடுநேரம் பேசினோம். ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டதும் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளின் பேச்சுக்குப் பழகட்டும் என்று வீட்டிலும் ஆங்கிலத்திற் பேசத் தொடங்கியவர்கள் நாங்களே. ஆண்டொன்றிலே இவ்வளவென்றால், நாலு தலைமுறையில் அம்மூதாட்டியார் வீட்டிலே ஒரு சொல் தப்பியதுதான் பெரிது. மறுநாள் முதல் இராச்சாப்பாட்டின்பின் ஒரு மணி நேரம் தமிழ் என்று விதித்தோம். மகளுக்கு அது பிடிக்கவில்லை, அழுதாள், மூதாட்டியாரிடம் ஓடிப்போய் முறையிட்டாள். மூதாட்டியாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு தாமே வந்து, "குட் நைட்" என்று சொல்லி, எங்கள் மேசையருகில் அமர்ந்துவிட்டார். அதன்பின் அவர் வாராத இரவு அரிது.

2015ஆம் ஆண்டு விசயதசமியன்று தட்டிலே பச்சையரிசி பரப்பி வைத்திருந்தோம். ஊரில் அன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவது வழக்கம் என்று மகள் அவருக்கு விளக்கினாள். தமக்கும் தொடக்க முடியுமா என்று அவர் கேட்டார். வயது வந்தோருக்கு முறை என்னவென்று எமக்கும் தெரியாது. நாம் தயங்கி நிற்கையில், மகள் அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் அழுத்தி 'அ' என்று இழுத்தாள். சுழி சற்றே கோணிற்று, மறுபடியும் எழுதினார்கள். மூதாட்டியார் நெடுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, அரிசியை எறிந்துவிடுவீர்களோ என்று கேட்டு, அதனை முக்காட்டுத் தலைப்பில் முடிந்து தம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.