உங்களுக்குத் தெரியுமா? பூஜ்யம் காட்டும் கேஸ் மீட்டர்

◆ எண்ணெய்த் தொட்டிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ இறங்குபவர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் மீட்டர் ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் ஒரே நேரத்தில் பார்க்கும். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், மற்ற மூன்றும் 0. ஆனால் அந்த மூன்றில் செத்துப்போன சென்சாரும் 0 காட்டிக்கொண்டிருக்கலாம். திரையைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

◆ அதற்காகத்தான் தினமும் இறங்குவதற்கு முன் ‘பம்ப் டெஸ்ட்’. அளவு தெரிந்த வாயுவைச் சென்சார்மேல் கொஞ்ச நேரம் விட்டு, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். காலிபரேஷன் வேறு, அது திரையில் வரும் எண்ணையே சிலிண்டரில் உள்ள அளவுக்குத் திருத்துவது. போன மாதச் சான்றிதழைக் காட்டி இன்றைய பம்ப் டெஸ்டைத் தவிர்க்கவே கூடாது. நடுவில் மீட்டர் கீழே விழுந்திருக்கலாம், நனைந்திருக்கலாம்.

◆ எரியும் வாயுவைப் பிடிக்கும் பழைய வகைச் சென்சாருக்குள் இருப்பது, பிளாட்டினக் கம்பிச் சுருளைப் பொதிந்த ஒரு சின்ன மணி. மேலே வினையூக்கிப் பூச்சு. வாயு அதில் பட்டு எரியும், மணி சூடாகும், கம்பியின் மின்தடை ஏறும், அந்த ஏற்றம்தான் அளவு. இதற்கு எமன் சிலிக்கோன். பாலிஷ், சீலன்ட், சிலவகைக் கைக்கிரீம் ஆகியவற்றிலிருந்து வரும் சிலிக்கோன் ஆவி பூச்சை மூடிவிட்டால், வாயு எரியாது. மீட்டரோ பிழை எதுவும் காட்டாமல் 0-விலேயே நிற்கும்.

◆ இந்தச் சென்சாரில் வாயு எரியவும் ஆக்சிஜன் வேண்டும். ஆகவே முதலில் ஆக்சிஜன் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எரியும் வாயுவின் எண்ணை நம்ப வேண்டும்.

◆ திரையில் ‘10’ என்றால் காற்றில் 10 சதவீதம் மீத்தேன் என்று பொருளல்ல. காற்றில் சுமார் 5 சதவீதம் மீத்தேன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அந்த எல்லையைத்தான் மீட்டர் 100 என்று வைத்துக்கொள்கிறது. 10 என்றால் அரை சதவீதம்.

◆ ஓடும் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று மீட்டரை ஜீரோ செய்தால் என்ன ஆகும்? அங்கே 10 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு இருந்தால் அதையே 0 என்று பதிந்துகொள்ளும். பிறகு உள்ளே 40 இருந்தாலும் 30 என்றுதான் சொல்லும். புகையில்லாத திறந்த வெளியில், அல்லது ஜீரோ காற்று சிலிண்டரை வைத்துச் செய்வதே முறை.

◆ அழுகிய முட்டை நாற்றம் வைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டுகொள்ளலாம் என்ற நம்பிக்கை உயிரை வாங்கும். 1 பிபிஎம்முக்குக் குறைவாக இருந்தாலே நாறும் அந்த வாயு, 100 பிபிஎம்மை ஒட்டிப் போனதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் காற்று சரியாகிவிட்டது என்று இறங்குகிறார்கள்.

◆ காலிபரேஷன் சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு. 25 பிபிஎம் என்று ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நாள்பட நாள்பட 20-க்குக் குறைந்திருக்கலாம். அதை 25 என்று மீட்டருக்குச் சொல்லித் திருத்தினால், அது எப்போதும் கூட்டியே காட்டும். அடிக்கடி வீணாக அலறும். கடைசியில் ஆட்கள் அலாரத்தையே மதிக்கமாட்டார்கள். 25 உள்ள சிலிண்டரை 20 என்று பதிந்துவிட்டால் நிலைமை தலைகீழ். உள்ளே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு திரையில் வராது. சிலிண்டர் லேபிளில் உள்ள எண்ணையும் மீட்டரில் பதிந்த எண்ணையும் இருவர் சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க ஒரு நிமிடம் ஆகாது.