மஞ்சள் விளக்கு எரிந்தால் எஞ்சினை இறக்க வேண்டுமா?

வாகனம் ஓட்டிச் சீவிக்கும் பெண்கள் இப்போது வன்னியில் அருமையில்லை. முச்சக்கரவண்டி, பாடசாலை வான், வாடகைக் கார் என்று குடும்பச் சுமையைச் சில்லில் ஏற்றியவர்கள் எமக்குள்ளேயே பலர் இருக்கிறோம். ஓட்டப் பழக்கினார்கள், சாரதி அனுமதிப்பத்திரமும் கிடைத்தது. ஆனால் வாகனம் பழுதானால் கராச்சில் என்ன கேட்பது, எதற்குத் தலையாட்டுவது, எதற்கு ஆட்டாமல் இருப்பது என்பதை எவரும் சொல்லித் தரவில்லை. அப்படியான ஒரு பழுதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். எஞ்சின் இடைக்கிடை ‘மிஸ்’ அடிப்பதும், அதோடு முன்பலகையில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் வடிவ விளக்கு எரிவதும்தான் அது.

என்னுடையது 660 சீசீ யப்பான் கார். 2009 இல் காயப்பட்ட இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் ஓட்டோ கியர் பார்த்து எடுத்தேன். அதன் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பெற்றோலும் காற்றும் கலந்து அழுத்தப்பட, பிளக் பொறி விட, கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. ஒரு சிலிண்டரில் ஒரு தடவை எரியாமல் விட்டால் அதுதான் மிஸ். மூன்றில் ஒன்று நின்றால் பலத்தில் மூன்றிலொரு பங்கு போகும், கார் உதறும். எரிவதற்குப் பொறி, பெற்றோல், காற்று, அழுத்தம் நான்கும் வேண்டும். அடுப்பு பற்றாவிட்டால் விறகு ஈரமோ, காற்றுப் போகவில்லையோ என்று நாம் பார்ப்பதில்லையா? அந்த மாதிரித்தான்.

அந்த விளக்கை எரிய வைப்பது வாகனத்திலுள்ள சிறிய கணினி. ஒவ்வொரு எரிவும் கிராங் தண்டைச் சற்று வேகமாகத் தள்ளும். ஒன்று தவறினால் தண்டு ஒரு கணம் தளரும். அந்தத் தளர்வைக் கணினி எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை அளவைத் தாண்டினால் விளக்கைப் போடும். ஆகவே எந்தச் சிலிண்டர் மிஸ் அடித்தது என்பதை அது அநேகமாகச் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. கராச்சுகளில் காசு வீணாவது பெரும்பாலும் இந்த வேறுபாடு விளங்காமல்தான்.

சகோதரிகளே, ஒன்றை மட்டும் கட்டாயம் மனதில் வையுங்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்து, பிந்தாமல் காட்டலாம். அது மின்னி மின்னி எரிந்தால் உடனே வேகத்தைக் குறைத்து, ஏசியை நிற்பாட்டி, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிக் கொன்வேட்டருக்குள் எரியத் தொடங்கும். அது சூடேறி உருகினால் வரும் செலவு, மிஸ் அடித்ததற்கான செலவைப் போலப் பல மடங்கு. சிவப்பு நிற ஒயில் விளக்கு இதிலிருந்து வேறு. அது எரிந்தால் ஒரு நிமிடமும் ஓடக்கூடாது.

என் கார் 2024 ஓகஸ்டில்தான் இந்த வேலையைத் தொடங்கியது. காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும்போது ஒன்றுமில்லை. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகும் ஒரு வயதான அம்மாவையும் அவருடைய பேத்தியையும் ஏற்றிக்கொண்டு ஆனையிறவு தாண்டும்போது கார் உதறியது, விளக்கு மின்னியது, சைலன்சரில் ‘டப்’ என்று ஒரு சத்தம். அம்மா பேத்தியின் தலையைப் பிடித்து மடிக்குள் அமுக்கி, தானும் குனிந்துவிட்டார். நான் ஓரங்கட்டி, ‘அம்மா, கார்தானம்மா, பெற்றோல் வெடிச்ச சத்தம்’ என்று சொல்லித்தான் நிமிர்ந்தார். அரை மணித்தியாலம் நிழலில் விட்டபின் கார் ஒன்றும் நடவாததுபோல ஓடியது.

அடுத்த நாள் கராச்சுக்குக் கொண்டுபோனேன். அங்கே எந்தக் குறையும் காட்டவில்லை. வைத்தியரிடம் கொண்டுபோனதும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளையைப் போலத்தான் இந்த வகைப் பழுதும். மெக்கானிக் தம்பி எஞ்சினை ஸ்ராட் பண்ணிக் காதைக் கொடுத்துவிட்டு, ‘அக்கா, இது எஞ்சின் வேலை. இறக்கித்தான் பாக்கோணும். ஒரு லட்சத்து நாப்பது வரும்’ என்றார். ‘கொம்பிரஷன் அளந்து பாத்தனீங்களோ தம்பி?’ என்று கேட்டேன். ‘அது உங்களுக்கு விளங்காதக்கா’ என்றார்.

அந்த மாதம் லீசிங் கட்டவே இரண்டு கிழமை உழைப்புத் தேவை. விற்றுவிட்டு வேறு எடுப்போமென்றாலும் வழியில்லை. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களுக்கே நெருப்பு விலை. 2025 பெப்ரவரியில்தான் தடை நீங்கியது. அளந்து பார்க்காமல் சொன்ன ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்தை நான் ஏற்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தம்பியிலும் முழுக் குற்றமில்லை. அவர் பார்த்த நேரத்தில் கார் நோயைக் காட்டவில்லையே.

எனக்கு எஞ்சின் சத்தம் புதிதல்ல. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் என் மாமா தன் ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மிஸ் அடித்தால் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பார். எதைக் கழற்றினாலும் சத்தம் மாறும். எதைக் கழற்றியும் மாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். இன்றைய காரில் இதைச் செய்யாதீர்கள். பல்லாயிரம் வோல்ட் அடிக்கும். கொயிலும் கணினியும்கூடப் பழுதாகலாம். ஆனால் ஒன்றை ஒன்றாகப் பிரித்துப் பார்க்கும் அந்த முறை இன்றைக்கும் சரி.

நான் செய்த முதல் வேலை, ஒரு அப்பியாசக் கொப்பியைக் காரில் வைத்ததுதான். திகதி, நேரம், எவ்வளவு தூரம் ஓடிய பின், எத்தனை பேர், ஏசி போட்டதா, பெற்றோல் எவ்வளவு, விளக்கு நிலையாகவா மின்னியா என்று குறித்தேன். இடையில் யாழ்ப்பாணம் போகும்போது மெதுவாகவே ஓடினேன்; விளக்கு மின்னினால் நின்றுவிட்டுத்தான் போனேன். பதினொரு நாளில் ஆறு தடவை வந்தது. ஆறும் எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஏசி போட்டு, ஆட்களோடு, வேகம் எடுக்கும்போது. குளிர்ந்த காலையில் ஒரு தடவையும் இல்லை. பெற்றோல் நிரம்பவும் வந்தது, குறையவும் வந்தது.

இந்த ஒரு பக்கம் பாதி வேலையை முடித்தது. காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தால், அநேகமாக நிறுத்தி வைத்திருக்கும்போதுதான் எஞ்சின் உதறும். வேகம் எடுக்கச் சீராகும். பெற்றோல் பம்பு, வடிகட்டி பிழையென்றால் ஒரு சிலிண்டரல்ல, எல்லாமே தளரும். மழைக்கும் ஈரக் காலைக்கும் மட்டும் வந்தால் பொறி போகும் வழியில் ஈரம், வெடிப்பு. சூட்டில் வந்து ஆறப் போனால் முதல் சந்தேகம் கொயிலில். அதன் உள்ளே தலைமயிர் போன்ற கம்பிச் சுற்று. அதன் காப்பு பழுதானால் சூட்டில் மின் கசியும், ஆறினால் சரியாகும்.

கொப்பியோடு பரந்தன் பக்கத்தில் வயதான ஒரு மெக்கானிக் ஐயாவிடம் போனேன். அவர் அதை முழுவதும் வாசித்தார். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். பிறகு ஸ்டியரிங்கின் கீழுள்ள சொக்கெட்டில் ஸ்கானரைப் பொருத்தினார். பி 0302 என்று வந்தது. கடைசி இலக்கம்தான் சிலிண்டர்: 0301 என்றால் முதலாவது, 0302 இரண்டாவது, 0303 மூன்றாவது. 0300 என்றால் ஒன்றில் நிற்காமல் மாறி மாறி அடிக்கிறது. இந்த இலக்கத்தை அழிக்க முன்னர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அழித்தால், பழுது வந்த நேரத்தில் எஞ்சின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்று கணினி பதிந்ததும் சேர்ந்து அழிந்துவிடும்.

‘முதல் கொம்பிரஷனைப் பாப்பம் பிள்ளை. அது சரியெண்டால் எஞ்சினிலை கை வைக்கத் தேவையில்லை’ என்றார் ஐயா. பிளக்குகளைக் கழற்றி அளந்தார். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் அந்த இடத்திலேயே தள்ளுபடி.

அடுத்தது காசே செலவில்லாத சோதனை. என் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில். இரண்டாவது கொயிலை முதலாவதிலும், முதலாவதை இரண்டாவதிலும் மாற்றிப் பூட்டினார். வேறு எதையும் தொடவில்லை. இலக்கத்தை அழித்து, ‘நாளைக்கு மத்தியானம் ஆக்களோடை ஓடிப்போட்டு வாங்கோ’ என்றார். அடுத்த நாள் இயக்கச்சி தாண்ட உதறியது. ஸ்கானரில் பி 0301. கொயில் போன இடத்துக்குப் பழுதும் போயிருந்தது. இரண்டாவதிலேயே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை மாற்றிப் பார்த்திருப்போம், அதன்பின் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரை. ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் கார் திருந்தலாம். ஆனால் எது பிழை என்று தெரியாது, மூன்றுக்கும் காசு போகும்.

ஐயா பிளக்குகளையும் காட்டினார். வெளிர் மண்ணிறம் நல்லது; காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூட; ஒயில் ஈரம் என்றால் உள்ளே ஒயில் ஏறுகிறது. என்னுடையதில் நிறம் சரி, ஆனால் முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. அகன்ற இடைவெளியைத் தாண்டப் பொறிக்குக் கூடிய வோல்ட் வேண்டும். அந்தச் சுமைதான் கொயிலைக் கொல்கிறது. பிளக்கை விட்டுவிட்டுக் கொயிலை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் சில மாதத்தில் போயிருக்கும். ஒரு கொயில், மூன்று பிளக், கூலி எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம் ரூபா. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள். மாற்றாததை மாற்றியதாகச் சொல்ல அதன்பின் எவருக்கும் மனம் வராது.

பழைய பெற்றோல் முச்சக்கரவண்டிகளில் இந்த விளக்கு இல்லை. அவற்றை ஓட்டும் சகோதரிகளுக்குக் காதும் கொப்பியும் பிளக்கின் நிறமும்தான் துணை.

எங்கள் வீதியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, தொலைபேசியில் இலக்கத்தைக் காட்டும் ஒரு சிறிய ஸ்கானரை வாங்கி வைத்திருக்கிறோம். தேவைப்படுபவர் எடுத்துப் பாவித்துவிட்டுத் தருவார். யப்பானிலேயே பாவிக்கவென்று செய்த சில கார்களில் இது வேலை செய்யாது. அதனால் காசைக் கொடுக்க முன்னர் கடை வாசலிலேயே உங்கள் வாகனத்தில் பொருத்தி, எஞ்சினை ஸ்ராட் பண்ணி, அதன் சுற்று வேகம் திரையில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.