மூன்று தட்டு இட்லி, நாலு அடுக்கு கேரியர்

‘இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் செய்த கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் திறந்தால், மணமக்கள் படம் இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வருகிறதே, ஏன்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

படத்தைச் சேர்க்கும்போது ‘லிங்க்’ என்பதைத் தேர்ந்திருப்பார். அப்போது ஃபைலில் படம் இருக்காது. எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். அச்சகத்துக் கணினியில் அந்த ஃபோல்டரே கிடையாது. ‘எம்பெட்’ கொடுத்திருந்தால் படமே உள்ளே வந்திருக்கும்.

எப்படி வரும் என்பதில்தான் அழகு. இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி ஃபைல், முழுக்க எழுத்தால் ஆனது. நோட்பேடில் திறந்தே படிக்கலாம். போட்டோவோ 0 முதல் 255 வரையிலான பைட்டுகளின் வரிசை. அதை அப்படியே கொட்டினால், 60 என்ற பைட் வந்த இடத்தில் புதுக் கட்டளை தொடங்குவதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். 0 என்ற பைட்டுக்கு அங்கே அனுமதியே இல்லை. ஆகவே போட்டோவை எழுத்தாக்க வேண்டும். அதற்கு வழி, பேஸ்64.

ஒரு பைட்டை எட்டு இட்லி வைத்த தட்டு என்று கொள்வோம். ஒவ்வொரு இட்லியும் ஒரு பிட்: 0 என்றால் வெறும் இட்லி, 1 என்றால் பொடி இட்லி. மூன்று தட்டில் 24 இட்லி. அதை அடுக்குக்கு ஆறு கொள்ளும் கேரியரில் வரிசை மாறாமல் வைத்தால் சரியாக நாலு அடுக்கு. ஆறு இடத்தில் இரண்டு வகை இட்லியை 64 விதமாக வைக்கலாம். விதத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, பத்து இலக்கங்கள், கூட்டல் குறி, சாய்கோடு: மொத்தம் 64. கடைசியில் ஒரே தட்டு மிஞ்சினால்? முதல் அடுக்கில் ஆறு, அடுத்ததில் இரண்டு. அதில் மீதி நாலு இடத்துக்கு வெறும் இட்லி. காலியான இரண்டு அடுக்குக்கும் ஆளுக்கொரு சமக்குறி.

எந்த பிஎன்ஜி படமும் 137, 80, 78 என்றுதான் தொடங்கும். ஆறாறாகப் பிரித்தால் 34, 21, 1, 14. மேலே சொன்ன எழுத்து வரிசையில் 0இலிருந்து எண்ணினால், சின்ன ஐ, பெரிய வி, பி, ஓ. எஸ்விஜியை நோட்பேடில் திறந்து இந்த நாலெழுத்தைப் பார்த்தால், உள்ளே பிஎன்ஜி இருக்கிறது என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

மூன்று நாலாவதால் 3 எம்பி போட்டோ 4 எம்பி ஆகும். சுருக்கிய எஸ்விஜி வடிவில் சேமித்தால் கூடுதலில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

வரலாறு சுருக்கமானது. எழுத்தை மட்டுமே சுமந்த மின்னஞ்சலில் எழுத்தல்லாத தரவையும் அனுப்பப் பிறந்த உத்தி பேஸ்64. 1992இல் மைம் என்ற மின்னஞ்சல் தரத்தில் இடம்பெற்றது. எஸ்விஜி 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது.

‘ஜேபிஜியை எஸ்விஜி ஆக்கித் தருகிறோம், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது’ என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். அவற்றில் பல, அதே போட்டோவை எம்பெட் செய்து தருபவைதான். பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இன்னொன்று. எம்பெட் செய்த குரூப் போட்டோவில் மற்றவர்களை ‘கிளிப்’ செய்து மறைத்தாலும், அவர்கள் ஃபைலை விட்டுப் போவதில்லை. வாங்குபவர் ‘ரிலீஸ்’ கொடுத்தால் முழுப் படமும் வந்துவிடும். செல்போனில் எடுத்த ஜேபிஜி என்றால், எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் கூடவே போகக்கூடும். பிறருக்கு அனுப்பும் படத்தை, முதலில் ஒரு போட்டோ எடிட்டரில் வெட்டிச் சேமித்து, அந்தக் குறிப்புகளையும் நீக்கிவிட்டு, பிறகு எம்பெட் செய்யுங்கள்.