இணையப் பக்கத்தில் ஆக்கியோன் தொடர்பைக் குறிக்கும் முறை

சிறப்புப்பாயிரத்தில் அமையவேண்டியவற்றை நிரல்படுத்திய நன்னூலார் ஆக்கியோன் பெயரையே முதற்கண் வைத்தார். நூலுக்கு உரியார் யாவரென அறிதல் கற்பார்க்கு இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும். இணையப் பக்கங்களுக்கும் இத்தேவை உண்டு. கட்டுரையொன்றிற் பிழை கண்டவரும் ஐயமுற்றவரும் எழுதியவரை அணுகுதற்கு வழி வேண்டும். அவ்வழியைப் பக்கத்தில் எவ்வாறு குறித்தல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இணையப் பக்கங்கள் எச்.ரி.எம்.எல். எனும் குறியீட்டு மொழியால் ஆக்கப்படுவன. தலைப்பு, பந்தி, பட்டியல் என்றாற்போல ஒவ்வொரு பகுதியையும் இன்னதென அறிவிக்கும் உறுப்புக்கள் அதன்கண் உள்ளன. அவற்றுள் 'அட்ரெஸ்' என்பது ஒன்று. ரிம் பேர்னர்ஸ் லீ 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட தொடக்கப் பட்டியலிலேயே இஃது இடம்பெற்றது. முகவரி எனப் பொருள்படும் பெயரை நோக்கி, அஞ்சல் முகவரி வருமிடமெல்லாம் இதனை இடலாம் எனக் கருதுவாருமுளர். அது பொருந்தாது. பக்கத்துக்கோ அதிலுள்ள கட்டுரைக்கோ உரியவரைத் தொடர்புகொள்ளும் விபரத்தைக் குறித்தலே இதன் தொழில். ஆதலின் மின்னஞ்சல், தொலைபேசி எண், ஆசிரியரின் இணையப் பக்கத்துக்கான இணைப்பு ஆகியனவும் இதனுள் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, கல்லூரிச் சஞ்சிகையொன்று இணையத்தில் வெளிவருகின்றது எனக் கொள்வாம். கட்டுரை 'ஆர்ட்டிகிள்' எனும் உறுப்பினுள் அமையும். அதன் இறுதியில் ஆசிரியரின் மின்னஞ்சலை அட்ரெஸ் உறுப்பினுள் இடின், அஃது அக்கட்டுரைக்கு மாத்திரம் உரியதாகும். கட்டுரைக்குப் புறத்தே, பக்கத்தின் அடியில், கல்லூரியின் தொடர்பு விபரத்தை அதே உறுப்பாற் குறிப்பின், அது முழுப் பக்கத்துக்கும் உரியதாகும். 2014ஆம் ஆண்டில் நியமமாக்கப்பட்ட எச்.ரி.எம்.எல். 5 இவ்வேறுபாட்டை வகுத்துரைக்கின்றது. கட்டுரையினுள், சொற்பொழிவு நிகழ்ந்த மண்டபத்தின் முகவரி வருமாயின், அது செய்தியே; அதற்குப் பந்தி உறுப்புப் போதும். வெளியிட்ட திகதியும் தொடர்பு விபரம் அன்று. அதற்கு 'ரைம்' என வேறோர் உறுப்பு உண்டு. அட்ரெஸ் உறுப்பினுள் தலைப்போ மற்றோர் அட்ரெஸ் உறுப்போ வருதலும் விதிக்கு மாறானது.

உலாவிகள் பெரும்பாலும் இவ்வுறுப்பைச் சாய்வெழுத்திற் காட்டுவன. சாய்வெழுத்து வேண்டி இதனை இடுதலும், அது வேண்டாமென இதனை ஒழித்தலும் ஒப்பத் தவறாம். தோற்றத்தை மாற்றுதற்குச் சி.எஸ்.எஸ். எனும் வேறு மொழி உளது. பக்கத்தைக் கண்ணாற் காண்பவர்க்குத் தோற்றமும் பொருளுணர்த்தும். அதனைப் படித்தறியும் இயந்திரத்துக்கோ குறியே பொருள். மண்டபத்தின் முகவரியை அட்ரெஸ் எனக் குறித்துவிடின், ஆசிரியரைத் தேடும் இயந்திரம் மண்டபத்தின் வாயிலிற் போய் நிற்கும்.

ஆகவே, உறுப்பைத் தெரிதற்குமுன் வினவவேண்டியது ஒன்றே: இவ்விபரங்கொண்டு வாசகர் எழுத்துக்கு உரியவரை அணுகலாமோ? ஆமெனின் அட்ரெஸ் உறுப்பை இடுக; அன்றெனின் பந்தியே தகும். எழுதியதற்கு விடையிறுக்க ஒருவர் உளர் என்பதைத் தெளிவாகக் காட்டும் பக்கமே கற்பாரின் நம்பிக்கைக்கு உரியதாகும்.