ஸ்கேனில் தெரியாத வலி: முன்னாள் படைவீரர்களின் ஒற்றைத் தலைவலியும் ஊன ஓய்வூதிய மேல்முறையீடும்

எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு ஒற்றைத் தலைவலியுடன் வரும் முன்னாள் படைவீரர்கள் சிலர் இரண்டு தாள்களை மேசைமீது வைப்பதுண்டு. ஒன்று, மூளையில் குறைபாடு ஏதும் இல்லை என்று கூறும் ஸ்கேன் அறிக்கை. மற்றொன்று, ஊன ஓய்வூதியக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று கூறும் கடிதம். ஸ்கேனில் ஒன்றும் இல்லாததால்தான் கோரிக்கை தள்ளப்பட்டது என்று அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. அதைத் தெளிவுபடுத்தவே இக்கட்டுரை.

ஒற்றைத் தலைவலி ஸ்கேன் கொண்டு கண்டறியப்படும் நோயன்று. வேறு கேடு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவே ஸ்கேன் எடுக்கிறோம். நோயை நிறுவுவது நோயாளி கூறும் வரலாறே. மருந்து பலனளிக்காதபோது 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் வலி, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் நாடித்துடிப்பைப் போல் தெறிப்பது, நடந்தாலும் படியேறினாலும் மிகுவது, குமட்டல், ஒளியையும் ஒலியையும் தாங்க இயலாமை ஆகியவற்றைக் கொண்டே உலகெங்கும் மருத்துவர்கள் இந்நோயை முடிவுசெய்கின்றனர். தலையில் அடிபட்ட ஏழு நாள்களுக்குள் தொடங்கும் தலைவலி தனி வகையாகக் கொள்ளப்படும். ஆகவே எந்த நாளில், எந்தச் சூழலில் வலி தொடங்கியது என்பது சிகிச்சைக்கும் கோரிக்கைக்கும் ஒருங்கே தேவையான செய்தி.

வாரியம் கேட்கும் இரண்டு கேள்விகள்

ஊன ஓய்வூதியம் வழங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காணப்படுகிறது. நோய் படைப்பணியால் உண்டானதா, அல்லது படைப்பணியால் மிகுந்ததா என்பது முதற்கேள்வி. ஊனத்தின் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் உள்ளதா என்பது இரண்டாவது.

தலைவலிக் கோரிக்கைகள் பல முதற்கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. ‘இது உடலின் இயல்பால் வந்தது, பணிக்குத் தொடர்பில்லை’ என்று எழுதப்பட்டுவிட்டால், அதுவே இறுதி என்று குடும்பத்தினர் கோப்பை மூடிவிடுகின்றனர். அவர்கள் அறிய வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு.

தரம்வீர் சிங் என்ற படைவீரர் 1985இல் சமிக்ஞைப் படைப்பிரிவில் சேர்ந்தார். வலிப்பு நோயால் 20 விழுக்காடு ஊனம் என்று கணிக்கப்பட்டு, 1994இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நோய் பணியால் வந்ததன்று என்று மருத்துவ வாரியம் கூறியதால் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2013இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பணியில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் பதிவாகவில்லை என்றால், அவர் நலமுடனேயே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். அந்நோயைச் சேர்க்கையின்போது கண்டறிந்திருக்க இயலாது என்று வாரியம் கருதினால், அதற்குரிய காரணத்தை எழுத வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை வீரர்மீது இல்லை. ஐயம் எழுமாயின் அதன் பயன் வீரருக்கே உரியது என்று நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு விதிகளின் அடிப்படையில் விளக்கியது. வலிப்பும் ஒற்றைத் தலைவலியும் வெவ்வேறு நோய்களே. ஆயினும் காரணம் கூறாத ஒற்றை வரி மறுப்பை மேல்முறையீட்டில் எதிர்ப்பதற்கு இத்தீர்ப்பு துணைநிற்கக்கூடும்.

இரண்டாம் கேள்வியில்தான் வீட்டார் எழுதிவைத்த குறிப்புகள் பயன்படுகின்றன. வாரியத்தின்முன் அமரும் நாளில் வலி இல்லாதிருக்கலாம். அன்று காணப்படுவது நலமான ஒரு மனிதரின் முகம். மாதத்தில் எத்தனை நாள் அவர் எழ இயலாமல் கிடந்தார் என்பதை எழுத்தன்றி வேறெதுவும் காட்டாது.

வீட்டில் எழுதவேண்டியவை

ஒரு முன்னாள் ஹவில்தாரின் மனைவி, சமையலறையில் மாட்டியிருந்த மாதக் காலண்டர்களை எங்களிடம் கொண்டுவந்தார். பால் கணக்குக் குறிக்கும் அதே கட்டங்களில், கணவர் இருட்டறையில் படுத்திருந்த நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். “எதற்கென்று தெரியாமல்தான் போட்டுவைத்தேன்” என்றார். அவ்வட்டங்களை எண்ணிய பிறகே, நோயின் அளவைக் குறித்து எங்களால் திட்டமாகக் கடிதம் எழுத முடிந்தது.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாந்தி உண்டா, உட்கொண்ட மாத்திரை, செய்ய இயலாமற்போன வேலை ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். வலியின்போது நோயாளியால் எழுத முடியாது. உடனிருப்பவரே எழுத வேண்டும். வலியற்ற நாள்களையும் விடாமல் குறியுங்கள். மிகைப்படுத்தாத குறிப்பையே மருத்துவர் நம்பிக் கையொப்பமிட இயலும். இக்குறிப்பு வேறொரு தீங்கையும் வெளிக்காட்டும். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், அம்மாத்திரைகளே தலைவலியை வளர்க்கக்கூடும்.

மறுப்புக் கடிதம் வந்தால்

முதலில், கடிதம் கிடைத்த நாளை அதன்மேலேயே எழுதிவையுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு. பணிக்கால மருத்துவ ஏடுகளின் நகலும் மருத்துவ வாரிய அறிக்கையின் நகலும் கையில் இல்லையெனில், உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்டு அலுவலகத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். பனிமலை முகாமிலோ பயிற்சிக் களத்திலோ தலைவலிக்காக மருத்துவரிடம் சென்ற ஒரு வரிப் பதிவும் மதிப்புடையது.

முதல் மேல்முறையீடும் இரண்டாம் மேல்முறையீடும் படைத்துறைக் குழுக்களின்முன் செல்லும். அங்கும் மறுக்கப்பட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது. இறுதி ஆணை பிறந்த ஆறு மாதத்துக்குள் மனு அளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் தாமதத்தைப் பொறுத்தருளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கறிஞர் வழியாகவோ நேரிலோ வாதிடலாம். 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்துள்ளன; நீங்கள் பணியிலிருந்து விடுபட்ட நாளைப் பொறுத்தே உங்களுக்குரிய விதி அமையும். இதனை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மேல்முறையீட்டின் முடிவு எங்கள் கையில் இல்லை. நாங்கள் கண்டதையும் நீங்கள் பதிந்ததையும் மட்டுமே மருத்துவக் கடிதத்தில் எழுத முடியும். அடுத்த முறை வரும்போது ஸ்கேன் அறிக்கையுடன் அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துவாருங்கள். அதனையே நாங்கள் முதலில் படிப்போம்.